மாகறலுக்கு ஊசிப்பெட்டியோடு போகிறவர்களுக்கு

அக்குபங்சர் டிப்ளமோ கைக்கு வந்ததும் பலருக்கு முதலில் தோன்றுவது ஓர் இலவச முகாம். பிளெக்ஸ் அடித்து, ஊர்த் தலைவரை வைத்துக் குத்துவிளக்கு ஏற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இருநூறு பேருக்கு ஊசி போட்டு, சாயங்காலம் வாட்ஸ்அப்பில் படம் போடுவது. மனசு நல்ல மனசுதான். ஆனால் மாகறல் மாதிரி ஊருக்குப் போவதாக இருந்தால் முகாம் வேண்டாம் என்பதே என் யோசனை. வாரத்தில் ஒரு கிழமையைப் பிடியுங்கள். செவ்வாய் என்றால் செவ்வாய். மழை பெய்தாலும் முகூர்த்த நாள் வந்தாலும் அந்த மூன்று மணி நேரம் அங்கே இருங்கள். வருஷம் முழுக்க முடியாதென்றால் மூன்று மாதம் போதும். ஆனால் அது மூன்று மாதம்தான் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

முட்டிவலியும் இடுப்புவலியும் ஒரே தடவை ஊசியில் போவதில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு என்று ஆறு, எட்டுத் தடவை உட்கார வேண்டும். ஒருநாள் முகாமில் ஊசி போட்டுக்கொண்ட அம்மாவுக்கு இரண்டு நாள் லேசாக இருக்கும். மூன்றாம் நாள் வலி திரும்பும்போது நீங்கள் ஊரில் இருக்க மாட்டீர்கள். மனதில் அடிபட்டவர்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். வந்து, அக்கறையாகப் பேசி, பெயர் எழுதிக்கொண்டு, அப்புறம் கண்ணிலேயே படாமல் போனவர்களை அவர்கள் ஏற்கெனவே நிறையப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் நீங்களும் சேர வேண்டாம்.

மாகறல் காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது. சம்பந்தர் பாடிய திருமாகறலீஸ்வரர் கோயில் அங்கே. நோய் தீர வேண்டிக்கொண்டு வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வருகிற தலம். இது உங்களுக்கு வசதியும்தான், தொல்லையும்தான். சந்நிதித் தெருவில் நாற்காலி போட்டால் கூட்டம் தானாக வரும்; வலி குறைந்தால் அது அற்புதமாகிவிடும், குறையாவிட்டால் உங்கள் பேர் கெடும். அதோடு, கோயில் வாசலில் எல்லோரும் சமமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளக் கூடாது. ஊர்த்தெருவில் இடம் பிடித்தால் காலனியிலிருந்து வருகிறவர்கள் குறைவார்கள், இருளர் குடியிருப்பிலிருந்து ஒருவரும் வர மாட்டார். இது எந்தக் கிராமத்துக்கும் பொருந்தும். பள்ளிக்கூட வராந்தா, மகளிர் குழுக் கட்டடம், அங்கன்வாடி என்று எல்லோரும் ஏற்கெனவே கால்வைத்துப் பழகிய இடமாகப் பாருங்கள். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். வந்த வரிசைப்படி உட்காரட்டும். "நீங்க இப்படி வாங்க" என்று யாரையும் தனியே பிரித்து உட்கார வைக்காதீர்கள்.

அடுத்து, யார் வருவார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். காஞ்சிபுரம் வட்டாரத்தில் நெசவாளர் உடம்பு ஒரு தனிப் பாடம். குழித்தறியில் கால் இரண்டும் குழிக்குள், மிதிகட்டை மேல். இடுப்பு தரைமட்டத்தில். கண் பாவின் மேல் ஒரு முழ தூரத்தில். காலையில் குனிந்த கழுத்து சாயங்காலம்தான் நிமிரும். அப்படி முப்பது வருஷம் உட்கார்ந்தவர் வலி முட்டியில் இருப்பதாகச் சொல்வார். தொட்டுப் பார்த்தால் தோளும் பிட்டமும் கல்லாக இருக்கும். விரல் மரத்துப்போகிறது என்றால் அது கழுத்திலிருந்து வருகிறதா, சுகரிலிருந்து வருகிறதா என்று கேட்காமல் ஊசியை எடுக்காதீர்கள். முடிந்தால் ஒரு நாள் தறி இருக்கிற வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். உட்காரும் பலகைக்குக் கீழே ஒரு மடித்த சாக்கைப் போட்டு உயரத்தை இரண்டு விரற்கடை கூட்டினால் சில இடுப்புகளுக்கு உங்கள் ஊசியைவிட அது நல்லது செய்யும். அதையும் சொல்லிக் கொடுங்கள். கௌரவம் குறையாது.

நெசவாளர் மட்டுமல்ல. நாற்று நடுகிறவர்கள், நூறுநாள் வேலைக்குப் போகிறவர்கள், விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி ஒரகடம் பக்கம் போய் நின்றே வேலை செய்து திரும்புகிற பெண்பிள்ளைகள், கல்குவாரி லாரி ஓட்டுகிறவர்கள். இவர்களுக்கெல்லாம் உங்கள் நேரம் ஒத்துவராது. பகல் 11 மணிக்கு நீங்கள் போனால் வருவது கிழவிகள் மட்டுமே. சாயங்காலம் 5 முதல் 8 வரை வைத்துப் பாருங்கள்.

குத்தூசி எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதில் உங்களுக்கே முதலில் தெளிவு வேண்டும். நாள்பட்ட முதுகு, கழுத்து, முட்டி வலிக்கும் தலைவலிக்கும் சான்று நன்றாகவே இருக்கிறது. 39 பரிசோதனைகளில் பங்கேற்ற 20,000-க்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து அலசிய ஆய்வு 2018-ல் வெளிவந்தது. வலி குறைகிறது, பெரும்பகுதி ஓராண்டு வரை நிற்கிறது என்றது. போலி ஊசிக்கும் உண்மை ஊசிக்கும் உள்ள வித்தியாசம் சிறியதுதான் என்றும் அதே ஆய்வு சொன்னது. போதைப் பழக்கத்துக்கு நிலைமை அவ்வளவு தெம்பாக இல்லை. கோகெய்ன் பழக்கம் உள்ள 620 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2002-ல் வெளியிட்ட பரிசோதனையில் காது ஊசிக்கும், போலி ஊசிக்கும், சும்மா ஓய்வாக உட்கார வைத்ததற்கும் வித்தியாசம் தென்படவில்லை. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு, போர்முனையிலிருந்து திரும்பிய 93 பேரிடம் நடந்து 2024-ல் வெளிவந்த பரிசோதனை, உண்மை ஊசியே மேல் என்று காட்டியது. ஆனால் அது வாரம் இரண்டாக, ஆளுக்கு 24 அமர்வு. கிழமை தவறாமல் போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி காது ஊசி. மனதில் அடிபட்டவர்களிடம் தொண்டு செய்யப் போகிறவர்கள் உலகம் முழுக்கக் கையாளுவது ஐந்து புள்ளிக் காது ஊசிதான். சிம்பதெட்டிக், ஷென்மென், சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல். இதன் பின்னணி மருத்துவக் கல்லூரி அல்ல. ஹாங்காங்கில் வென் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், காது ஊசி போட்ட அபினிப் பழக்கக்காரர்களுக்குத் தவிப்பு தணிவதைக் கவனித்து 1973-ல் எழுதினார். அதற்குள் நியூயார்க்கின் ஏழைப் பகுதியான தெற்கு பிராங்க்ஸில், லிங்கன் மருத்துவமனையில் 1970-ல் யங் லார்ட்ஸ், பிளாக் பாந்தர் இளைஞர்கள் புகுந்து உட்கார்ந்து போதைமீட்புப் பிரிவு ஒன்றைத் தொடங்க வைத்திருந்தார்கள். ஊசி அங்கே வந்து சேர்ந்தது. மைக்கேல் ஸ்மித் என்ற மருத்துவர் காலத்தில் ஐந்து புள்ளி என்று நிலைபெற்றது; அதைச் சொல்லிக்கொடுக்க 1985-ல் ஒரு சங்கமும் வந்தது. 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு டயானா ஃபிரீட் தொடங்கிய எல்லையற்ற அக்குபங்சர் அமைப்பு இதே ஐந்து புள்ளியைப் பேரிடர் முகாம்களுக்குக் கொண்டுபோனது. நம் நாட்டுக்கே இந்த வித்தை வந்து சேர்ந்தது தொண்டு போன ஒரு டாக்டரால்தான். 1938-ல் சீனப் போர்முனைக்குப் போன ஐந்து இந்திய மருத்துவர்களில் கோட்னிஸ் அங்கேயே இறந்துபோனார். கூடப் போன பிஜய் குமார் பாசு பின்னாளில் மறுபடி சீனா போய்க் கற்றுவந்து 1959-ல் கல்கத்தாவில் ஆரம்பித்தார்.

காது ஊசி ஏன் தோதானது என்றால், புடவையைத் தளர்த்த வேண்டாம், படுக்க வேண்டாம், என்ன நடந்தது என்று வாய்திறந்து சொல்லவும் வேண்டாம். பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து அரைமணி, முக்கால் மணி நேரம் சும்மா இருக்கலாம். நம் ஊர்ப் பெண்களுக்குச் சும்மா உட்காரக் கிடைப்பதே அந்த நேரம்தான்.

அடிபட்டவர்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் அவர்கள் யார் என்று தெரிந்தால்தான் கை பக்குவமாக இருக்கும். கோர்வைச் சேலை நெய்யத் தறிக்கு இரண்டு ஆள் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் ஒரு காலத்தில் பெரும்பாலும் குழந்தை. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் கட்டுண்டு கிடந்த பிள்ளைகளைப் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003-ல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இன்று வயது முப்பது, நாற்பது. அடுத்து, 2019 ஜூலையில் கோனேரிக்குப்பம் மரம் வெட்டும் இடத்திலிருந்தும் பக்கத்து வேலூர் மாவட்டத்திலிருந்தும் 42 இருளர் கொத்தடிமைகளை அதிகாரிகள் மீட்டார்கள். ஒரு முதியவர் அதிகாரி காலில் விழுந்து கிடந்த படம் பத்திரிகைகளில் வந்தது. 2023 மார்ச் 22 அன்று குருவிமலைப் பட்டாசு ஆலையில் வெடிவிபத்து. கூலிக்குப் போனவர்கள் உடல் சிதறிச் செத்தார்கள். ஒரு சத்தத்துக்கு இன்னமும் தூக்கிவாரிப் போடுகிற ஆட்கள் அந்தப் பக்கத்து வீடுகளில் இருக்கத்தான் செய்வார்கள்.

உடம்பு தன்னுடையதாகவே இல்லாமல் வாழ்ந்தவரிடம் நீங்கள் செய்கிற முதல் சிகிச்சை அனுமதி கேட்பதுதான். கொத்தடிமையாக இருந்தவர் எதற்கும் "சரிங்கய்யா" என்பார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேண்டாம் என்று அவர் ஒரு தடவையாவது சொல்லி, அதை நீங்கள் கேட்டு நடந்தால்தான் அடுத்த தடவை சொல்கிற சரிக்கு மதிப்பு.

எப்படி என்று ஒருவரை வைத்துச் சொல்கிறேன். அறுபது வயது அம்மா ஒருவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் அவருக்குப் பின்னால் போய் நிற்கக் கூடாது. எதிரே வந்து, அவர் கண்மட்டத்துக்குக் குனிந்து, "அம்மா, காதுல அஞ்சு இடத்துல சின்ன ஊசி வைப்பேன். ஒண்ணு வெச்சுப் பாப்போமா? வேணாம்னா விட்டுரலாம்" என்று கேளுங்கள். ஊசியை உறையிலிருந்து அவர் கண்முன்னால் பிரித்துக் காட்டுங்கள். ஆஸ்பத்திரி ஊசியை நினைத்துப் பயந்திருப்பார். இதற்குள் மருந்து இல்லை, முடி மாதிரி மெல்லிசு என்பதை அவரே பார்க்கட்டும். காதில் மாட்டல் இருந்தால் அவரையே கழற்றச் சொல்லி அவர் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நகை கைமாறினால் அவர் மனசு முழுக்க அங்கேதான் இருக்கும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அது காய்ந்தபின், அவர் மூச்சை விடும்போது முதல் ஊசி. நிறுத்துங்கள். முகத்தைப் பாருங்கள். "இன்னொண்ணு?" தலையசைத்தால் அடுத்தது. ஒன்றோடு போதும் என்றால் அன்றைக்கு ஒன்றுதான். ஊசியே வேண்டாம் என்பவருக்குப் புள்ளியில் சிறு விதையை பிளாஸ்திரியில் வைத்து ஒட்டி, வீட்டில் தானே அழுத்திக்கொள்ளச் சொல்லலாம். கதவைச் சாத்தாதீர்கள். கதவு தெரிகிற பக்கமாக அவர் நாற்காலி இருக்கட்டும்.

சிலர் ஊசியோடு உட்கார்ந்திருக்கும்போது அழுவார்கள். உடனே போய்த் தோளைத் தட்டாதீர்கள், என்ன ஆச்சு என்று தோண்டாதீர்கள். நடந்ததை எல்லாம் கொட்ட வைத்தால் பாரம் இறங்கும் என்று நினைப்பது பழைய யோசனை. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு அப்படி வற்புறுத்தக் கூடாது என்கிறது. பாருங்கள், கேளுங்கள், உதவி கிடைக்கும் இடத்தோடு இணையுங்கள் என்பதுதான் அதன் சாரம். தண்ணீர் கொடுங்கள், பக்கத்தில் இருங்கள். கண் நிலைகுத்தி ஆள் எங்கேயோ போய்விட்டது மாதிரி தெரிந்தால் ஊசியை எடுத்துவிட்டு, காலைத் தரையில் ஊன்றச் சொல்லி, எதிரே தெரிகிற ஐந்து பொருளின் பேரைச் சொல்லச் சொல்லுங்கள். சாகணும் போல இருக்கு என்ற பேச்சு வந்தால் அது உங்கள் எல்லையைத் தாண்டிவிட்டது. கட்டணமில்லாத டெலி மானஸ் 14416 எண்ணுக்கு அவரோடு உட்கார்ந்து நீங்களே போன் போடுங்கள். அரசுத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டப் பிரிவு எந்த நாளில் இயங்குகிறது என்பதை ஊசி வாங்குவதற்கு முன்பே விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

இப்போதும் முன்பணத்தில் மாட்டியிருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால்? 1976 சட்டப்படி கொத்தடிமை முறை குற்றம். கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். ஆனால் அவரைக் கேட்காமல் நீங்களாகப் புகார் தட்டிவிட்டால் ராத்திரி அடி வாங்குவது அவர்தான். அவர் சம்மதத்தோடு, அனுபவமுள்ள தொண்டு நிறுவனத்தின் வழியாகப் போங்கள்.

அடுத்தது மாத்திரை. தமிழ்நாட்டு அக்குபங்சர்காரர்களிடம் இதைச் சற்று உரக்கவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒற்றைப் புள்ளி தொட்டால் போதும், மருந்தெல்லாம் விஷம், சுகர் என்பதே ஏமாற்று என்று மேடைபோட்டுப் பேசுகிற கூட்டம் நம்மிடம் உண்டு. 2018-ல் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் ஓர் இளம்பெண் இறந்ததும், அடுத்த மாதமே வீட்டுப் பிரசவப் பயிற்சிக்கு விளம்பரம் செய்தவர் கோவையில் கைதானதும் மறந்திருக்காது. மத்திய சுகாதார அமைச்சகம் 2003-ல் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது, 2019-ல் தனி முறையாகவே அங்கீகரித்தது. ஆனால் இன்னொருவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமையை அது உங்களுக்குத் தந்துவிடவில்லை. பிரஷர் மாத்திரையை நிறுத்திய நெசவாளருக்குப் பக்கவாதம் வந்தால் வலதுகை போகும், வலதுகையோடு தறியும் போகும்.

ஆகவே ஊசி போடுமுன் கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்கு மாத்திரை போட்டீங்களா?" என்பதாகவே இருக்கட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அந்த ஊர்த் தன்னார்வலரையும் கிராம சுகாதாரச் செவிலியரையும் முதல் வாரமே போய்ப் பார்த்து, என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் கிழமையிலேயே அவர்களில் ஒருவரும் வந்து பிரஷர் பார்த்தால், ஊசிக்காக வருகிற கூட்டத்தில் மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள் பிடிபடுவார்கள். என் கணக்கில் அது ஊசியைவிடப் பெரிய வேலை.

ஊசி போடக் கூடாதவர்கள் யார் என்பது பாடத்தில் படித்ததுதான், இருந்தாலும் கூட்டத்தில் மறந்துபோகும். சுகர்காரரின் பாதத்தில் வேண்டாம். கர்ப்பிணிக்குப் பிரசவத்தைத் தூண்டும் என்று பேர்பெற்ற புள்ளிகள் வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரிடம் ஆழம் போகாதீர்கள். கிராமத்து வராந்தாவில் மார்பிலும் மேல்முதுகிலும் ஊசி வைக்கவே வேண்டாம். நுரையீரலில் குத்தினால் பார்க்க அங்கே ஆளில்லை. நெஞ்சுவலி, ஒருபக்கம் கை கால் விழுதல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு என்றால் 108.

குடியைப் பற்றி ஒன்று. "இவனுக்கு ஊசி போட்டுக் குடியை நிறுத்துங்க" என்று மனைவிமார் கூட்டிவருவார்கள். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தி, கை நடுங்கி, வியர்த்து, இல்லாததைப் பார்க்கிறார் என்றால் அது உயிர் போகிற நிலை. ஊசி வேண்டாம், ஆட்டோ பிடியுங்கள். ஆஸ்பத்திரியில் அந்த வாரம் தாண்டி வந்தபின் காது ஊசிக்கு வரட்டும். தூக்கத்துக்கும் படபடப்புக்கும் சிலருக்கு உதவுகிறது. அதற்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஊசி ஒருவருக்கு ஒரு தடவைதான். கொதிக்க வைத்து மறுபடி பயன்படுத்துகிற பேச்சே கூடாது. உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில், மலிவு வைத்தியம் என்று ஒரே ஊசியை மாற்றாமல் போட்டதில் பல பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியது 2018-ல் வெளியே வந்தது. உறை பிரித்த ஊசியையும் பெட்டியில் போட்ட ஊசியையும் இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும். கணக்கு ஒன்று குறைந்தாலும் யாரும் கிளம்பக் கூடாது. மறுநாள் காலை அதே வராந்தாவில் வெறுங்காலோடு ஓடப்போவது அங்கன்வாடிப் பிள்ளைகள். கொண்டை போட்டிருக்கும் அம்மாக்களின் முடியில் ஒன்று ஒளிந்திருக்கும், அதையும் பாருங்கள். பயன்படுத்தியவை குத்திக்கொண்டு வெளிவராத வெள்ளைப் பெட்டிக்குள். அந்தப் பெட்டியை எந்த மருத்துவமனை வாங்கிக்கொள்ளும் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். ஊர்க் குப்பைமேடு அதற்கு இடமில்லை.

மயக்கம் அடிக்கடி வரும். காரணம் பெரும்பாலும் வெறும் வயிறு. வெள்ளி, கிருத்திகை, பிரதோஷம் என்று விரதம் இருக்கிறவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள், கேட்க வேண்டும். செவ்வாய் என்றேனே, உங்கள் ஊரில் செவ்வாய் விரதம் அதிகம் என்றால் புதனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு குடம் மோரும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் உங்கள் உபகரணப் பட்டியலில் இருக்கட்டும். மயங்கினால் ஊசியெல்லாம் எடுத்து, படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்துங்கள்.

படம் எடுக்காதீர்கள். காதில் ஊசியோடு கண்மூடி உட்கார்ந்திருக்கும் ஆள் கேமராவுக்கு அழகாகத்தான் தெரிவார். மீட்கப்பட்டவர் முகம் ஊருக்குத் தெரிந்தால் பழைய முதலாளிக்கும் தெரியும். நன்கொடையாளருக்குக் காட்ட வேண்டும் என்றால் காலி நாற்காலிகளையும் வருகைப் பதிவேட்டின் எண்ணிக்கையையும் காட்டலாம்.

காசு வாங்கலாமா என்ற கேள்வி கடைசியில் எப்படியும் வரும். மும்பைக் குடிசைப் பகுதிகளில் வால்டர் ஃபிஷர் என்ற பெல்ஜியக்காரர் தொடங்கிய வெறுங்கால் அக்குபங்சர் மையங்களும், அமெரிக்காவின் போர்ட்லண்டில் லிசா ரோலெடர் குழுவினர் 2002-ல் தொடங்கிய உழைப்பாளர் அக்குபங்சரும் வழி காட்டியிருக்கின்றன. போர்ட்லண்டில் அவரவரால் முடிந்ததைக் கொடுக்கலாம், யாரும் வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். நெசவாளர் வீட்டில் இலவசம் என்றால் முகம் சுருங்குகிறவர்கள் உண்டு. அடுத்த வாரம் முறுக்கோ கத்தரிக்காயோ எடுத்துவந்து கையில் திணிப்பார்கள். வாங்கிக்கொண்டு அங்கேயே எல்லோரோடும் பகிர்ந்து சாப்பிட்டுவிடுங்கள். காசுக்கு ஒரு மூடிய உண்டியல் போதும், அதுவும் நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து கண்ணில் படாத மூலையில். யார் போட்டார், யார் போடவில்லை என்பது உங்களுக்கே தெரியக் கூடாது. மாதக் கடைசியில் மகளிர் குழு அம்மாவை விட்டுத் திறந்து எண்ணச் சொல்லி, பஞ்சுக்கும் ஸ்பிரிட்டுக்கும் மோருக்கும் போனதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.